சுத்தம் தாங்காத மீன்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவில் சொல்வார்கள். அது தவறான தகவல். அவருக்குக் கோபம் மூக்குக்கு உள்ளேயிருந்துதான் வரும். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே தலையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். சமையல் வாசனை, சோப்பு வாசனை, எதிர்வீட்டுக்காரர் கதவுக்கு அடித்த பெயிண்ட் வாசனை எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார். ப்ளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் மட்டும் தொலைந்தது.

"யாரு பாத்ரூம் கழுவினது?"

"நான்தான். இதுக்கு வெளியூர்லேருந்தா ஆளு வரும்?" என்பாள் அக்கா.

"கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு என் சட்டையைத் தொடு. அது நாளைக்கு மெம்பரேன் ரூமுக்குப் போற சட்டை."

"அந்த மெம்பரேனையே கட்டிக்கிட்டு அழவேண்டியதுதானே? என்னை எதுக்குக் கட்டினீங்க?"

நான் பக்கத்து போர்ஷனில் இருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். இதனால் டிவி வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இன்றுவரை ஏற்படவில்லை.

மாமாவும் நானும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறோம். நான் பேக்கிங்கில். போல்ட், நட், ஸ்குரூ செய்கிற இடம். இரும்பின் மேல் இருக்கும் துருவை எடுக்க அதை ஆசிட் தொட்டியில் முக்குவார்கள். பிறகு தண்ணீரில் அலசி, அதற்கு மேல் பளபளப்பாகப் பூச்சு ஏற்றுவார்கள். அலசிய தண்ணீர் இருக்கிறதே, அது ஆசிட்டும் கரைந்த இரும்புமாகக் கலந்து, புளித்துப்போய், பார்த்தாலே குமட்டுகிற ஒரு பச்சை நிறத்தில் வரும். முன்பெல்லாம் அதை லாரியில் ஏற்றி எங்கோ அனுப்பினார்கள். எங்கே போகிறது என்று நான் கேட்டபோது, "உனக்கு எதுக்கு?" என்றார்கள். நல்ல இடத்துக்குப் போகிற எந்தப் பொருளுக்கும் யாரும் அப்படிப் பதில் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமா அந்த ஆசிட் கொட்டகையில்தான் இருந்தார். அங்கே எந்நேரமும் மெல்லிய புகை நிற்கும். தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் இருமல், சிரித்தால் இருமல், அக்காவைத் திட்ட வாயைத் திறந்தால் இருமல். பாதித் திட்டு இருமலிலேயே போய்விடும். வேறொருத்தியாக இருந்தால் விட்டது தொல்லை என்று நிம்மதியாக இருந்திருப்பாள். இவளோ அவர் திட்டி முடிக்கட்டும் என்று கையில் தண்ணீரோடு நிற்பாள். டாக்டர் ஒருநாள், "ஒண்ணு அந்தப் புகையை விடுங்க, இல்லேன்னா அடிக்கடி என்னை வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டாவதுதான் முடிந்தது.

பிறகு லாரிக்கு அதிகாரிகளின் கெடுபிடி வந்தது. முதலாளி வேண்டாவெறுப்பாக ஒரு இயந்திரம் வாங்கிப் போட்டார். அழுக்குத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறித்து, கசடு அடியில் தங்கியதும் தெளிந்ததை மணலில் வடிகட்டி, கடைசியாக நீளநீளமான வெள்ளைக் குழாய்களுக்குள் பம்ப் வைத்துத் தள்ளுவார்கள். குழாய்க்குள் பாயைச் சுருட்டி வைத்தாற்போல் ஒரு சவ்வு இருக்கிறது; அதுதான் மெம்பரேன். அதன் வழியாகத் தண்ணீர் மட்டும் நுழைந்து போகும். உப்பும் உலோகமும் இந்தப் பக்கமே நின்றுவிடும். இதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, சாக்கடை வேலை என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமா கையைத் தூக்கினார். இருமிக்கொண்டே தூக்கினார்.

அந்த அறைக்குப் போன சில மாதங்களில் இருமல் நின்றுவிட்டது. அக்கா அதற்குப் பிறகுதான் அவருடைய திட்டுகளை முழுசாகக் கேட்டாள். "இவ்வளவு நீளமாவா திட்டிக்கிட்டு இருந்தாரு?" என்று என்னிடம் வந்து ஆச்சரியப்பட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் இருமல் போன இடத்தில் சவ்வு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு ஆகாத விஷயங்களில் முதலாவது குளோரின். ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது அதுதான். குழாயில் வரும் குடிதண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். அது பட்டால் சவ்வு அரித்துப் போய்விடுமாம். பிறகு தடுக்க வேண்டியதை எல்லாம் வாங்க வாங்க என்று உள்ளே விட்டுவிடுமாம். அதனால்தான் வீட்டு வாசலில் அந்த மூக்குச் சோதனை. மகள் எந்த வகுப்பு படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் மாமா அக்காவின் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது குழாயில் பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் முதலாளி மீனைக் கொண்டுவந்து விட்டார்.

எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. முதலாளி வேறு எங்கோ ஒரு கம்பெனியில், சுத்தம் செய்த கழிவுத் தண்ணீரில் மீன் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்று மாலையே கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது.

"மீட்டர்ல நம்பரைக் காட்டினா யாருக்குய்யா புரியும்? மீன் நீந்தினா பச்சைக் குழந்தைக்கும் புரியும்" என்றார்.

இயந்திரத்திலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் தொட்டிக்கு வரும். நிரம்பி வழிவது வீணாகாமல் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பச் சேமிப்புத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து மறுபடி சவ்வுக்கே போகும். ஆரஞ்சு நிற மீன்களை விட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் காலையில் அத்தனையும் மிதந்தன.

"உன் தண்ணியில விஷம் இருக்கு" என்றார் முதலாளி.

"இருக்காது சார். மீட்டரைப் பாருங்க. இதைவிடச் சுத்தமா தண்ணி கிடைக்காது."

"அப்புறம் மீனுக்கு என்ன, இங்க வேலை பிடிக்கலையா?"

மாமா மறுபடி மீட்டரைத் தட்டிப் பார்த்தார். முதலாளி அதற்கு மேல் நல்லவராக இருக்க விரும்பவில்லை. "மீனே பிழைக்காத தண்ணிக்கு எதுக்கு இவ்வளவு கரண்ட்? அவங்க வர்ற அன்னிக்கு மீன் உயிரோட இல்லேன்னா மெஷினை இழுத்து மூடிட்டு மறுபடி லாரியைக் கூப்பிடறேன். நீயும் உன் பழைய கொட்டகைக்கே போயிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சண்டை போடாத வீடு அது இல்லை. போய்ப் பார்த்தால் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

"திரும்ப அந்தப் புகைக்குள்ள போனா இந்த மனுஷன் தாங்க மாட்டாருடி" என்றாள்.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். தினமும் கடையில் புது மீன் வாங்கி மாற்றிவிடலாம். மீனுக்கு மீன் முகம் என்ன வித்தியாசம்? மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அக்கா குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பார்க்கச் சொன்னாள்.

"அதுல குளோரின் இருக்கு. தொட்டி வழிஞ்சா எங்க போகும்? என் மெம்பரேனுக்குத்தானே வரும்? மீனைப் பிழைக்க வெச்சு அதைச் சாகடிக்கச் சொல்றியா?"

கடைசியில் இயந்திரம் விற்ற கம்பெனியின் இன்ஜினியருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம். அந்தப் பிள்ளை முதலில் சிரித்து முடித்தது. பிறகு சொன்னது: "உங்க தண்ணி கெட்டது இல்லண்ணே. அளவுக்கு மீறி நல்லது. அதுல ஒரு சத்தும் கிடையாது, மீன் எப்படித் தாங்கும்? லேசா புளிப்பு வேற மிச்சம் இருக்கும். பளிங்குக்கல் துண்டுங்க மேல விழுந்து வர்ற மாதிரி தண்ணியை விடுங்க, சுண்ணாம்புச் சத்து ஏறும், புளிப்பும் போயிடும். அவசரத்துக்கு முட்டை ஓடுகூடப் போதும்."

இவ்வளவு விஷயத்தில் அக்கா காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் முட்டை, மத்தியானம் முட்டை. வேகவைத்தது, பொரித்தது, கலக்கி ஊற்றியது. மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா, எனக்கு இறக்கை முளைக்கப் போகுது" என்று அழுதாள். எனக்கும் ஒரு பாத்திரம் வந்துகொண்டே இருந்தது. அதோடு கண்டிப்பாக ஓர் உத்தரவும் வரும்: தின்றுவிட்டு ஓட்டைத் திருப்பித் தர வேண்டும். அது போதவில்லை என்று அக்கா முக்குத்தெரு பேக்கரிக்குப் போய் நின்றாள்.

"எல்லாரும் கேக் கேப்பாங்க. நீங்க ஓடு கேக்கறீங்க. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று பேக்கரிக்காரர் கவலையாக விசாரித்தார். விசாரித்துவிட்டு ஒரு மூட்டையே கொடுத்தார். நல்ல மனிதர்.

ஓட்டை நொறுக்கி, வலைப்பையில் கட்டி, தொட்டிக்குத் தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிட்டார் மாமா. புது மீன்களை விட்டார். அவை பிழைத்தன. அன்று மிதக்கவில்லை, மறுநாள் மிதக்கவில்லை, அதற்கடுத்த வாரமும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆசிட் கொட்டகைக்காரர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, மீனுக்கு மட்டும்தான் முட்டை வைத்தியமா? நாங்களும் உயிரோடதான் இருக்கோம், ஒரு ஆம்லெட் அனுப்பக் கூடாதா?" என்று கிண்டல் செய்தார்கள். மாமா பதிலுக்குச் சிரித்தார். அவர் அந்தக் கொட்டகைப் பக்கம் பார்த்துச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பார்வையாளர்கள் வருவதற்கு முந்தின நாள், கம்பெனியைக் கூட்டிக் கழுவ வெளியிலிருந்து பெண்களை வேலைக்கு அழைத்தார்கள். அக்காவும் வந்தாள். மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தாள். வந்தவள் தொட்டியருகே போனதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தோல் அழுகி, நாற்றம் கிளம்பியிருந்தது. மாமாவின் மூக்குக்கு ப்ளீச்சிங் பவுடரைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நாறாது என்பதை நாங்கள் அன்றுதான் புரிந்துகொண்டோம்.

"பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. இந்த நாத்தத்துல எவன் நிப்பான்? இதுக்காகவே உங்க மாமாவைத் துரத்திடுவாங்க" என்றாள் என்னிடம்.

மறுநாள் காலையில் அவள் கையில் புது வலைப்பை இருந்தது. உள்ளே ஓடுகள் வெள்ளை வெளேர் என்று இருந்தன. துளி நாற்றம் இல்லை. மாமா பின்பக்கம் சுண்ணாம்புத் தொட்டியருகே இருந்தார். அக்கா பழைய பையை எடுத்துவிட்டுப் புதியதைத் தொங்கவிட்டாள். அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். எப்படி இவ்வளவு வெளுத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் முற்றம் பெருக்கப் போய்விட்டாள்.

ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் அந்தப் பவுடருக்காக வசவு வாங்கியவள்தான். ஆனால் அவள் கணக்கில் மெம்பரேன் குழாய்க்குள் இருக்கிறது, மீன் தொட்டிக்குள் இருக்கிறது. அது வேறு, இது வேறு. அலசிவிட்டுத்தான் கொண்டுவந்தாளாம். அந்த வலைப்பையை அவள் அலசிய லட்சணம் மீனுக்குத்தான் தெரியும்.

மாமா உள்ளே நுழைந்தபோது நான் வாசலில் நின்றேன். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். தலை மேலே போனது. மூக்கு விரிந்தது. தொட்டியில் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. தொட்டியிலிருந்து திரும்பிப் போகும் குழாயின் வால்வை இரண்டு கையாலும் மூடினார். பம்பை நிறுத்தினார். சேமிப்புத் தொட்டியில் சோதனைத் தாளை முக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி முக்கிப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

அதற்குள் மீன்களின் கதை முடிந்திருந்தது.

மாமா வலைப்பையை எடுத்து முகர்ந்தார். ஓட்டின் வெள்ளையைப் பார்த்தார். ஜன்னல் வழியாக, முற்றத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். இன்றைக்கு முற்றம் நாறப்போகிறது என்று நினைத்தேன். அவர் பையை ஒரு பாலித்தீனில் சுற்றித் தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். மீன்தொட்டிக்குப் போகும் குழாயையும் அடைத்துவிட்டு பம்பை மறுபடி ஓடவிட்டார்.

"மாமா, ஓடிப்போய் வேற மீன் வாங்கிட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம். மெம்பரேனுக்கு ஒண்ணும் போகலை."

"உங்களுக்குப் போகப்போகுதே!"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

வந்தவர்களில் முக்கியமானவர் ஒரு கண்ணாடி போட்ட அம்மாள். அதிகம் பேசாத ரகம். முதலாளி முகமெல்லாம் பல்லாக அவரை மெம்பரேன் அறைக்குள் அழைத்து வந்து, "இதோ பாருங்க மேடம், கழிவுத் தண்ணியில நாங்க மீன் வளர்க்கறோம்" என்று கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவரே பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் மனிதர் வியாபாரி.

"தூங்குது மேடம்."

"மல்லாந்தா?"

"இது அந்த வகை."

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "செத்துப்போச்சு மேடம். இன்னிக்குக் காலையிலதான். தண்ணி மேல தப்பு இல்ல. தொட்டியில ப்ளீச்சிங் பவுடர் கலந்துடுச்சு. கவனிக்காம நான்தான் போட்டுட்டேன்."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. பால் பொங்கி வழிந்தாலும் மழை வராவிட்டாலும் அடுத்தவர் மேல் பழி போடுகிற மனிதர் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு 'நான்தான்' வந்ததை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

"அடி முட்டாளே!" என்று முதலாளி கத்தினார். அம்மாள் நிற்கிறார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நாளையிலேருந்து நீ ஆசிட் கொட்டகை. இந்த ரூம் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது!"

ஜன்னலுக்கு வெளியே துடைப்பம் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்கத் தைரியம் இல்லை.

அந்த அம்மாள் மாமாவைக் கேட்டார். "பவுடர் கலந்தது தெரிஞ்சதும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"திரும்பிப் போற வால்வை மூடினேன். பம்பை நிறுத்தினேன். சேமிப்புத் தொட்டியில டெஸ்ட் பண்ணினேன், ஒண்ணும் வரலை. அப்புறம்தான் மறுபடி போட்டேன்."

"மீனைக் காப்பாத்த முயற்சி பண்ணலையா?"

"மீன் இப்பத்தான் வந்தது மேடம். இந்த மெஷினை நம்பித்தான் நம்ம ஊரு ஆத்துல நல்ல தண்ணி ஓடுது."

அந்த அம்மாள் ஒரு சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். தன் கையிலிருந்த கருவியை அதில் முக்கிப் பார்த்தார். எல்லா மீட்டரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"நான் போற கம்பெனியில எல்லாம் இப்ப மீன்தொட்டி வெச்சிருக்காங்க. எல்லாத்துலயும் மீன் துள்ளுது. பாதிக்குப் பாதி அன்னிக்குக் காலையில கடையில வாங்கினது. வாங்கின கவர்கூட மூலையிலேயே கிடக்கும். செத்த மீனைச் செத்துப்போச்சுன்னு சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். இவரை வேற இடத்துக்கு மாத்தறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானும் சரக்கை வேற இடத்துல வாங்கிக்கறேன்."

எங்கள் முதலாளி அடித்த குட்டிக்கரணத்தை சர்க்கஸில்கூடப் பார்க்க முடியாது. "மாத்தறதா? இவரையா? இவரு என் வலது கை மேடம்! சும்மா ஒரு உரிமையில சத்தம் போட்டேன்" என்று மாமாவின் தோளில் கையைப் போட்டார். மாமா அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தார். அது தானாகவே இறங்கிவிட்டது.

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். நான் என் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்; போகவில்லை, அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன். அக்கா நடுக்கூடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்:

"நான்தான் போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"உன் பேரைச் சொன்னா அந்தாளு உன்னை முட்டாள்னு திட்டியிருப்பான். அத்தனை பேர் முன்னாடி."

"தினமும் நீங்க திட்டறீங்களே, அது என்ன?"

"அது நான்" என்றார் மாமா.

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இந்த ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல! அந்த அம்மா மட்டும் பேசலேன்னா என்ன ஆகியிருக்கும்? நான் சாமி சாமின்னு பயந்து செத்தேனே, அந்தப் புகைக்குள்ளயே திரும்பத் தள்ளியிருப்பானே! அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

"போயிருப்பேன்" என்றார். ஏதோ கடைக்குப் போவதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அக்கா அவரைப் பார்த்தபடியே மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சொல்லி அவள் பதில் சொல்லாமல் விட்ட வார்த்தை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.